பேனரில் பெயர் இல்லாதவர்கள்: வாசகர் கேள்வி - பதில்

சுற்றுச்சூழல் அமைப்புகளைப் பற்றித் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்திலிருந்து வந்த கடிதங்களை இந்த இதழுக்கு ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள். அதனால் எல்லாருக்குமே ஊர் மட்டும்தான்.

கேள்வி: நான் தாவரவியல் கடைசி வருடம் படிக்கிறேன். மக்களோடு சேர்ந்து காட்டையும் நீரையும் காக்கிற தொண்டு நிறுவனத்தில் வேலை செய்ய ஆசை. அங்கே உண்மையில் யார் யார் இருப்பார்கள், என்ன செய்வார்கள்? "அதெல்லாம் வசதியானவங்க பொழுதுபோக்கு" என்று அப்பா சொல்கிறார். (கல்லூரி மாணவி, பென்னாகரம்)

அப்பா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள். மைக் பிடிப்பவர், விருது வாங்குபவர், பேட்டி கொடுப்பவர் பெரும்பாலும் வசதியான வீட்டிலிருந்து வந்தவராகத்தான் இருப்பார். ஆனால் வேலை ஓடுவது அவரால் மட்டும் இல்லை.

முதல் ஆள் களப்பணியாளர். உள்ளூர்க்காரர், பிளஸ் டூவோ டிகிரியோ படித்தவர், ஒரு பழைய பைக் வைத்திருப்பவர். எந்த வீட்டு ஆடு எந்தச் சரிவில் மேயும், எந்தப் பங்காளிகள் பேசிக்கொள்வதில்லை, சந்தை நாளில் கூட்டம் போட்டால் ஒருத்தரும் வரமாட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அடுத்து கணக்கர். பணம் கொடுத்தவர்களுக்குச் செலவுச் சான்று அனுப்பாவிட்டால் அடுத்த தவணை வராது, அவ்வளவுதான் விஷயம். அப்புறம் ஜி.பி.எஸ். கருவியோடு எல்லை நடந்து வரைபடம் போடுகிறவர், பாதி நாள் நீதிமன்றத்திலும் பாதி நாள் இங்கேயும் இருக்கிற வக்கீல், திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளுக்கு ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் கேள்வி போட்டு, 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடும் எழுதுகிற ஒருவர். இந்தக் கடைசி ஆள் இல்லாத அமைப்பு படம் காட்டத்தான் உதவும் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் மாவட்டத்திலேயே பாருங்கள். அரூர் தாலுகா சித்தேரி மலைக்கு அந்தப் பக்கம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கில் 1993-ல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் பழங்குடி மக்களுக்கான மருத்துவ வேலையைத் தொடங்கினார்கள். குழந்தைச் சாவுகளைக் குறைக்கப் போனவர்கள், சாப்பாடு சரியில்லாமல் உடம்பு தேறாது, மண் சரியில்லாமல் சாப்பாடு தேறாது என்று இயற்கை விவசாயம் வரைக்கும் வந்துவிட்டார்கள். விவசாயிகளுக்கு ஒரு சங்கம், லம்பாடிப் பெண்களின் பழைய எம்பிராய்டரிக்கு 'பொர்காய்' என்று ஒரு கூட்டமைப்பு எல்லாம் அதிலிருந்து கிளைத்தவை. பேட்டி கேட்டுப் போகிறவர்கள் டாக்டர் தம்பதியைத்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால், அதே பள்ளத்தாக்கில் பிறந்து அங்கேயே பயிற்சி எடுத்துச் செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் நிற்கிற பெண்களைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கிருஷ்ணகிரிப் பக்கம் குழந்தை பிரான்சிஸ் தொடங்கிய ஐ.வி.டி.பி. அமைப்பும் அப்படித்தான். தடுப்பணை கட்டுவதில் இருந்தவர்கள், பெண்கள் சுய உதவிக் குழுக்கள் பக்கம் திரும்பினார்கள். 2012-ல் அவருக்கு மகசேசே விருது வந்தது. விருது ஒருவருக்கு, ஆனால் வாரா வாரம் நோட்டில் கணக்கு எழுதியது குழுவிலிருந்த பெண்கள்.

இனி உங்கள் விஷயம். தாவரவியல் படிப்பு நிச்சயம் உதவும். ஆனால் லத்தீன் பெயர் தெரிந்த உங்களைவிட, எந்தக் கீரை எந்த மழைக்கு முளைக்கும் என்று சொல்கிற பாட்டிக்குக் கூடுதலாகத் தெரியும். அதை ஒத்துக்கொள்ள முடிந்தால் போங்கள். சம்பளத்தைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பெரும்பாலான வேலைகள் ஒரு திட்டத்தோடு கட்டப்பட்டவை, திட்டம் முடிந்தால் சம்பளமும் முடியும். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் பி.எஃப். பிடிக்க வேண்டும், அதையும் விசாரியுங்கள். சேவைதானே என்று சொல்லி உள்ளூர்ப் பிள்ளைகளுக்குக் கம்மியாகவும் நகரத்திலிருந்து வருபவருக்கு நிறையவும் கொடுக்கிற இடங்கள் இருக்கின்றன. நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேள்வி கேட்டு முடித்ததும் நீங்கள் ஒன்று கேளுங்கள்: "ஊர்க்காரர்கள் வேண்டாம் என்று சொன்னதால் நீங்கள் கைவிட்ட திட்டம் ஏதாவது உண்டா?" பதிலில் ஒரு ஊர்ப் பெயராவது வருகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: இயற்கைப் பாதுகாப்பு என்றால் புரிகிறது. அதோடு 'நீதி' என்று எதற்கு ஒட்டவைக்கிறார்கள்? (ஓய்வு பெற்ற ஆசிரியர், அரூர்)

ஐயா, அரூரில் இருந்துகொண்டு இதைக் கேட்கிறீர்களே! வாச்சாத்தி உங்களுக்கு எவ்வளவு தூரம்?

இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1992 ஜூன் 20 அன்று, சந்தன மரம் கடத்துகிறார்கள், பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் அந்த மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், ஆட்களை அடித்தார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நின்றதால் வழக்கு சி.பி.ஐ. வரைக்கும் போனது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னபோது அதில் 54 பேர் உயிரோடு இல்லை, மீதி 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். 2023 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, அந்த 18 பேருக்கும் தலா 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. சம்பவத்துக்கும் இந்தத் தீர்ப்புக்கும் இடையில் 31 வருடம்.

அன்றைக்கு அங்கே போனவர்கள் 'காட்டைக் காக்கிறோம்' என்றுதான் போனார்கள். காட்டில் இருப்பவனைத் திருடனாகவே பார்க்கிற பாதுகாப்பு எங்கே போய் நிற்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. பிறகு 2006-ல் வந்த வன உரிமைச் சட்டம், காட்டில் வாழ்பவர்களுக்கு வரலாற்று ரீதியாக அநீதி நடந்திருக்கிறது என்று முகப்புரையிலேயே ஒத்துக்கொண்டது. பட்டா கொடுப்பதோடு, காட்டைக் காக்கிற உரிமையையும் கிராம சபைக்குத் தருகிறது அந்தச் சட்டம். அந்தப் படிவங்களை நிரப்ப வைப்பது, வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் நிஜமாகவே உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்ப்பது, 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அனுபவத்தில் இருந்ததற்குச் சாட்சி தேடுவது, இதைத்தான் 'நீதி' பக்கத்தில் வேலை செய்கிறவர்கள் செய்கிறார்கள். போட்டோவுக்கு நன்றாக இருக்காது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல்லெல்லாம் பழுப்பு. இங்கே ஒரு அமைப்பு வந்து மரக்கன்று கொடுத்துவிட்டுப் போகிறது. மரத்துக்கும் எங்கள் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்? (சுய உதவிக் குழுத் தலைவி, பாலக்கோடு)

சம்பந்தம் கம்மிதான் அக்கா. நம் மாவட்டத்தில் சுற்றுச்சூழல் என்றால் முதலில் பல், அப்புறம்தான் மரம். பல்லைப் பழுப்பாக்குவது புளோரைடு என்கிற உப்பு, அது பாறையிலிருந்து தண்ணீரில் கரைகிறது. எந்தக் கம்பெனியும் கொட்டியது இல்லை. ஆனால் மழை குறைந்து போர்வெல் ஆழமாகப் போகப் போக, பாறையோடு நெடுநாள் கிடந்த தண்ணீரை மேலே எடுக்கிறோம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போனால் குடிக்க ஆகாது என்பது இந்தியத் தரக் கணக்கு. கொதிக்க வைத்தால் போகாது, தண்ணீர் வற்றி இன்னும் கூடும். சாதாரண மெழுகுவத்தி ஃபில்டரும் பிடிக்காது. பல்லோடு நிற்காமல் எலும்பு வரைக்கும் போகிற விஷயம் இது.

இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013-ல் திறந்தார்கள். குழாய் வந்ததோடு முடியவில்லை. காவிரித் தண்ணீர் குறைவாக வரும் நாளில் மேல்நிலைத் தொட்டியில் போர் தண்ணீரைக் கலந்து ஏற்றினால் பலன் போச்சு. அதனால் உங்கள் ஊரில் பிடிக்க வேண்டிய ஆள் கலெக்டர் இல்லை, டேங்க் ஆபரேட்டர். அவரைத் திட்டாதீர்கள், தண்ணீர் வரவில்லை என்றால் முதல் வசவு அவருக்குத்தான் விழுகிறது. என்றைக்கு எந்தத் தண்ணீர் ஏறியது என்று ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். கன்று கொடுக்க வருகிற அமைப்பிடம், கன்றோடு தண்ணீர் சோதனைப் பெட்டியும் கொண்டு வாருங்கள் என்று குழுவாகக் கேளுங்கள். அதற்குத் தயங்கினால் கன்றை மட்டும் வாங்கிக்கொண்டு டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: இந்த அமைப்புகள் எல்லாம் வெளிநாட்டுப் பணத்தில்தானே ஓடுகின்றன? (மாரண்டஹள்ளி)

சில ஓடுகின்றன, பல ஓடவில்லை. வெளிநாட்டுப் பணம் வாங்க 2010-ம் வருடச் சட்டப்படி உள்துறை அமைச்சகத்தில் பதிவு வேண்டும், ஆண்டுக் கணக்குக் காட்ட வேண்டும். 2020-ல் சட்டத்தை இறுக்கி, வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கொடுக்கவே கூடாது, நிர்வாகச் செலவு 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஆக்கிவிட்டார்கள். பெரிய அமைப்பு தப்பித்துக்கொண்டது. பெரியவர்களிடமிருந்து கொஞ்சம் பணம் வாங்கி இரண்டு மூன்று ஊரில் வேலை செய்துகொண்டிருந்த சின்னக் குழுக்கள்தான் அடிபட்டன. உள்ளூர்ப் பணமா வெளிநாட்டுப் பணமா என்பதைவிட, செலவுக் கணக்கை ஊரில் படித்துக் காட்டுகிறார்களா என்று பாருங்கள்.

கேள்வி: கெலவரப்பள்ளி அணையில் ஷட்டர் திறந்தால் நுரை பொங்குகிறது. குடியிருப்போர் சங்கம் சார்பில் வழக்குப் போடலாமா? பெரிய அமைப்புதான் போட வேண்டுமா? (ஓசூர்)

நீங்களே போடலாம். பாதிக்கப்பட்ட யாரும் சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே இருக்கிற தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம், வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்றும் இல்லை. நஷ்டஈடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1,000 ரூபாய். பிரச்சினை எழுந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் மேலே 60 நாள் வரைக்கும் பொறுப்பார்கள். மனுவை ஆங்கிலத்தில் எழுத வேண்டும், தமிழில் கொடுக்க முடியாது. நம் ஊரில் பாதி வழக்குகள் போடப்படாமலே போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

உங்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தென்பெண்ணை நந்தி மலையில் பிறந்து பெங்களூருவின் கிழக்குப் பக்கத்துக் கழிவையும் வாங்கிக்கொண்டு வருகிறது. சோப்பு, டிடர்ஜென்ட் கலந்த சுத்திகரிக்காத தண்ணீர் ஷட்டரிலிருந்து விழுந்து கடையும்போது நுரை கட்டுகிறது. ஆக இரண்டு மாநில விவகாரம். சென்னையில் இருக்கும் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு கர்நாடகத்துக்கும் சேர்த்துத்தான், அதனால் இரண்டு மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களையும் ஒரே மனுவில் எதிர்தரப்பாகச் சேர்க்கலாம். அதற்கு முன் ஓசூரில் இருக்கிற நம் வாரிய அலுவலகத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். தேதி போட்ட படங்கள் எடுத்து வையுங்கள். அணைக்குக் கீழே அந்தத் தண்ணீரைப் பாய்ச்சுகிற விவசாயிகளை முன்னால் நிறுத்துங்கள். அடுக்குமாடிக்கு நாற்றம்தான் பிரச்சினை, அவர்களுக்குப் பிழைப்பு.

கேள்வி: ஒரு கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியில் எங்கள் ஏரியைத் தூர்வாரித் தருகிறோம் என்று ஒரு அமைப்பு வந்திருக்கிறது. நடுவில் தீவு, சுற்றி நடைபாதை என்று படம் காட்டுகிறார்கள். நம்பலாமா? (காவேரிப்பட்டணம்)

படத்தைப் பார்த்தாலே எனக்குச் சந்தேகம் வருகிறது. நடைபாதை யாருக்கு? உங்கள் ஊரில் காலையில் வாக்கிங் போகிறவர் எத்தனை பேர்? தீவு என்பது தோண்டின மண்ணை வெளியே ஏற்றும் செலவை மிச்சம் பிடிக்கிற வழி. பறவை வரும் என்பார்கள், வரட்டும், ஆனால் தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் மண் நிற்கிறது.

முதலில் ஏரி யாருடையது என்று பாருங்கள். 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது ஏரி பாய்கிற வயல், இருந்தால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே என்றால் ஊராட்சி ஒன்றியம். அவர்கள் அனுமதிக் கடிதம் இல்லாமல் ஜே.சி.பி. இறங்கக் கூடாது. அப்புறம் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே எவ்வளவு தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது, குழிதான் மிஞ்சும், அதில் பிள்ளைகள் விழுந்து செத்த செய்தி வருடா வருடம் படிக்கிறோம். கரையை ஒட்டித் தோண்டவே விடாதீர்கள். வண்டல் எங்கே போகிறது, உங்கள் ஊர் வயலுக்கா செங்கல் சூளைக்கா? ஏரித் தண்ணீரை வயலுக்குப் பங்கிட்டு விடுகிற நீர்க்கட்டி வேலை பார்த்த குடும்பம் இன்னும் ஊரில் இருந்தால் அந்தப் பெரியவரைக் கூப்பிட்டு, மிச்சத் தண்ணீர் வழிகிற கோடி எங்கே, எந்த மடை முதலில் திறக்கும் என்று கேட்டார்களா? கடைமடை விவசாயியைக் கேட்டார்களா? மேய்ச்சலுக்கு வருகிறவர்களை?

பெரும்பாலான ஏரிகளுக்கு நோய் வயிற்றில் இல்லை, தொண்டையில். வரத்துக் கால்வாய் அடைபட்டிருக்கும். அதைத் திறக்கப் போனால் ஆக்கிரமித்தவர் யார் என்று கேட்க வேண்டிவரும், அவர் ஊரில் பெரிய கையாக இருப்பார், கம்பெனிக்காரர் அந்தச் சண்டைக்கு வரமாட்டார். ஆகவே ஏரியைத் தோண்டிவிட்டு ரிப்பன் வெட்டிப் போய்விடுவார்கள். வந்திருப்பவர்களிடம், முதலில் வரத்துக் கால்வாயை அளப்போம், ஏரியை அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லிப் பாருங்கள். சரி என்று சர்வேயரோடு வருகிற அமைப்பு என்றால் நம்பலாம். பதிவுச் சான்று, வருமான வரி விலக்குப் பதிவு (12ஏ என்பார்கள்), கடைசி இரண்டு வருட ஆண்டறிக்கை கேளுங்கள். தீர்மானம் கிராம சபையில்தான் போட வேண்டும், தலைவர் வீட்டுத் திண்ணையில் இல்லை.

கேள்வி: ராகி பால் பிடித்ததும் யானை வந்துவிடுகிறது. யானையைக் காப்பாற்ற இத்தனை பேர் இருக்கிறார்களே, எங்களைக் காப்பாற்ற யார்? (அஞ்செட்டி)

கோபம் நியாயம்தான். உங்கள் பக்கத்துக் காட்டைக் காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று இரண்டு சரணாலயமாக அறிவித்துவிட்டார்கள். தெற்கு 2022 நவம்பரில் வந்தது, 686 சதுர கிலோமீட்டர். யானைக்கு அந்தக் கோடு தெரியாது. மழைக்குப் பிறகு கர்நாடகத்துப் பன்னார்கட்டா காட்டுப் பக்கமிருந்து வரும் கூட்டம் பழைய தடத்தில்தான் நடக்கிறது.

மின்வேலிப் பக்கம் மட்டும் போய்விடாதீர்கள். 2023 மார்ச்சில் மாரண்டஹள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன, பக்கத்தில் இரண்டு குட்டிகள் நின்றுகொண்டிருந்தன. அந்த விவசாயி சிறைக்குப் போனார். இழப்பு இரண்டு பக்கமும்.

உங்கள் கேள்விக்குப் பதில்: உங்களைக் காப்பாற்ற இப்போதைக்கு இருப்பவர் வனத்துறையின் வேட்டைத் தடுப்புக் காவலர்தான். அவரும் பெரும்பாலும் உங்கள் மலையிலேயே பிறந்தவர், தற்காலிகப் பணி, சம்பளம் கம்மி, இரவெல்லாம் டார்ச்சும் வெடியும் வைத்துக்கொண்டு கூட்டத்துக்கும் வயலுக்கும் நடுவில் நிற்கிறார். யானை அமைப்பு ஒன்று உங்கள் பக்கம் வந்தால், கணக்கெடுப்பும் கேமராவும் அவர்கள் வேலை, ஒத்துழையுங்கள். பதிலுக்கு இரண்டு கேளுங்கள். கூட்டம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று சாயங்காலமே போனுக்குச் சொல்ல ஒரு ஆள். பயிர் சேதமானால் மறுநாளே வந்து படம் எடுத்து, வி.ஏ.ஓ. சான்று வாங்கி, இழப்பீட்டு மனுவை வனச்சரகத்தில் கொடுக்க இன்னொரு ஆள். சரணாலயத்துக்குள்ளும் வன உரிமைச் சட்டம் செல்லும் என்பதையும் மறந்துவிடாதீர்கள். செல்லாது என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள்.

கேள்வி: கல்குவாரிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று நோட்டீஸ். போய் என்ன ஆகப் போகிறது? (பர்கூர்)

போகாவிட்டால் 'எதிர்ப்பு இல்லை' என்று பதிவாகும். 30 நாள் முன்னறிவிப்பு, தமிழில் சுருக்க அறிக்கை, கலெக்டர் அல்லது கூடுதல் கலெக்டர் நிலையில் ஒருவர் தலைமை, முழுக் கூட்டமும் வீடியோ, இதெல்லாம் விதி. ஓட்டெடுப்பு கிடையாது, ஆனால் கேட்ட கேள்வியையும் சொன்ன பதிலையும் குறிப்பில் எழுதி, கடைசியில் தமிழில் படித்துக் காட்ட வேண்டும். பக்கத்துக் குவாரிகள் 500 மீட்டருக்குள் இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பரப்பைப் பார்க்க வேண்டும், அதைக் கேளுங்கள். கிணறு, வெடிச் சத்தம், லாரிப் புழுதி எல்லாம் எழுதிக் கொடுங்கள். குவாரியில் வேலை செய்கிற உங்கள் ஊர்க்காரரை எதிரியாக்கி விடாதீர்கள். கல் தூசியை நுரையீரலில் முதலில் வாங்குகிறவர் அவர்தான், அவர் பேசினால் கூட்டமே மாறும்.

கேள்வி: நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து சுற்றுச்சூழல் அமைப்பு தொடங்கப் போகிறோம். பெயரும் லோகோவும் ரெடி. அடுத்து என்ன? (பாப்பிரெட்டிப்பட்டி)

தம்பி, தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டத்துக்கு ஏழு பேர் வேண்டும். அறக்கட்டளை என்றால் இரண்டு பேரே போதும். ஆனால் இப்போது பதிவு வேண்டாம். பதிவு செய்தால் வருடா வருடம் தணிக்கை, வருமான வரிக் கணக்கு, புதுப்பித்தல் என்று முழு வேலையும் காகிதத்திலேயே போய்விடும்.

உங்கள் பஞ்சாயத்தில் பல்லுயிர் மேலாண்மைக் குழு என்று ஒன்று 2002-ம் வருடச் சட்டப்படி இருக்க வேண்டும், ஊரில் இருக்கிற செடி கொடி, உயிரினங்களைப் பற்றி அது தயாரித்த மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். அலுவலகத்தில் போய் இரண்டையும் கேளுங்கள். குழு உறுப்பினர்களுக்கே தாங்கள் உறுப்பினர் என்று தெரியாமல் இருக்கலாம், அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லுங்கள். அப்புறம் கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஒரு வருடம் இந்த ஆறுக்கும் போய் உட்காருங்கள், பேசுவது கடைசி இரண்டில் இருந்தால் போதும். யார் பேச்சை யார் வெட்டுகிறார்கள், எந்தத் தெருவிலிருந்து யாருமே வரவில்லை என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

இன்னொன்று, கடிதத்தில் இருக்கிற ஆறு கையெழுத்தும் ஆண்கள். ஏரித் தண்ணீர் எத்தனை மணிக்கு நாறுகிறது, விறகுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? லோகோவை எடுத்து வைத்துவிட்டு முதலில் வீட்டில் கேளுங்கள்.